கோணிச் சாக்கு

கோணிச் சாக்குக்கும் ஒரு சரித்திரமா என நகைப்போர் நகைக்கட்டும். வங்காளத்துச் சணல் நாரை நூற்க 1855-ம் ஆண்டில் கல்கத்தாவுக்கருகே ரிஷ்ராவில் இயந்திர ஆலை எழுந்தது. பர்மா அரிசி மலாயாவுக்கு வந்தது சணற் சாக்கிலேதான். அரிசி தீர்ந்தபின் அது நமக்குக் கால்மிதியாயிற்று. மழையில் தலைக்குக் கொங்காணியாயிற்று.

1942-ல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. அரிசி அருகிற்று, துணியோ அற்றே போயிற்று. 1945 வரை தோட்டங்களில் ஆணும் பெண்ணும் அச்சாக்கையே கத்தரித்து உடுத்தனர். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர் பலரின் அரையிலும் அதுவே. சொரசொரத்த நார் தோலைப் புண்ணாக்கும். மடிப்பிலே பேன் குடியேறும். அக்கோலத்தைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல நாணிய முதியோர் உண்டு. உடுத்தியவர் நாண இதில் யாதுளது? வெட்கம் அவர்களை அந்நிலையில் வேலைக்கு ஏவியவர்க்கன்றோ! கனத்த சணல் எளிதில் உலராது. மாற்றுடையற்ற பெண்கள், துவைத்த சாக்கு காயும்வரை லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தனர்.