கோதுமைக் கப்பலும் வியட்நாம் போரும்

"கப்பல் வந்தாத்தானுங்க ரேஷன்ல கோதுமை." 1966-ஐப் பற்றி அந்தியூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னது இது. கப்பல் ஏன் தாமதமானது என்ற கேள்வியோடு என் தேடல் தொடங்கியது.

முதல் தடயம் பி.எல்.480. அமெரிக்காவின் உபரி தானியத்தை ரூபாய்க்கே விற்க வழிசெய்த 1954-ஆம் ஆண்டுச் சட்டம். 1960-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி கோதுமையும் அரிசியுமாக 1 கோடியே 70 லட்சம் டன் இந்தியாவுக்கு வரவேண்டும். நீட்டிக்கப்பட்ட அந்த ஏற்பாடு 1965 ஜூன் 30-இல் முடிந்தது. பிறகு நீண்டகால ஒப்பந்தம் இல்லை. ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும் அளந்து அளந்து அனுப்பினார்கள். அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. தேவை கூடியபோது வரத்து ஏன் இறுகியது?

விடை அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் கிடைத்தது. 1964–68 தெற்காசியத் தொகுதியைப் புரட்டினால், தானிய ஒதுக்கீட்டை அதிபர் ஜான்சனே நேரடியாகக் கையில் வைத்திருந்தது தெரிகிறது. இந்தியா தன் விவசாயத்தைச் சீர்செய்ய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். தேதிகளை வரிசைப்படுத்தினால் இன்னொரு காரணமும் தெரியும். அதுதான் வியட்நாம்.

கம்யூனிசம் பரவாமல் தடுப்பது 1947 முதல் அமெரிக்காவின் கொள்கை. அதற்காகவே 1954-இல் பாகிஸ்தானைத் தன் ராணுவக் கூட்டணியில் சேர்த்து ஆயுதம் கொடுத்தது. அணிசேராத இந்தியா, 1965-இல் வட வியட்நாம் மீதான அமெரிக்கக் குண்டுவீச்சைக் கண்டித்தது. அந்த ஏப்ரலில் பிரதமர் சாஸ்திரியின் வாஷிங்டன் பயணத்தை ஜான்சன் தள்ளிவைத்தார். 1966 ஜூலையில் அடுத்த பிரதமர் இந்திரா காந்தி மாஸ்கோவில் குண்டுவீச்சை நிறுத்தக் கோரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். வாஷிங்டன் கொதித்தது, அந்த ஆண்டின் பிற்பகுதியில் தானிய ஒதுக்கீடு மறுபடியும் இழுபறியானது.

அடுத்த தடயம் அந்தியூர் இருக்கும் கொங்கு நாட்டுக்கே திரும்பியது. 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு ரகசிய உடன்பாடு செய்தவர், பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம். உரத்துக்கும் விதைக்கும் பாசனத்துக்கும் கூடுதல் முதலீடு என்பது உடன்பாட்டின் சாரம். அவரே அந்தப் பாதையை விரும்பியவர்தான். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை வரவழைத்தார். பசுமைப் புரட்சி அதில்தான் வேர்பிடித்தது.

ஆனால் விளைச்சலுக்கு முன்பே தேர்தல் வந்தது. அரிசித் தட்டுப்பாட்டாலும் இந்தி எதிர்ப்பாலும் மாநிலமே கொந்தளித்த 1967-இல், கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில் அவர் தோற்றார். அந்தியூர் வெகுகாலம் இருந்த தொகுதி அது.

பட்டினியைக் காட்டி இந்தியாவின் வாயை அடைக்க முடியவில்லை என்பதே இந்த ஆவணங்களிலிருந்து நான் எட்டும் முடிவு. அந்த நெருக்கடி நம்மைத் தற்சார்பு நோக்கித் தள்ளியது. பாகிஸ்தானுக்குப் போன ஆயுதங்களோடு சேர்ந்து மாஸ்கோ பக்கமும் நகர்த்தியது. 1971 ஆகஸ்ட் 9-இல் இந்திய-சோவியத் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது.

வாஷிங்டனின் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களின் பழைய இருப்புப் பதிவேடுகளும், வீட்டுப் பரணிலுள்ள அக்காலக் குடும்ப அட்டைகளும் அதே வரலாற்றின் மறுபாதி. அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.