முதல் வாக்கும் மூன்று இலக்கங்களும்: திகாமடுல்லயின் விருப்பு வாக்குக் கதை

அமெரிக்காவில ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் ‘பிரைமரி’ என்டு ஒன்டு நடக்கும். கட்சியின் வேட்பாளர் யார் என்டத தலைவர் மட்டும் தனியா முடிவெடுக்க மாட்டார், கட்சி ஆதரவாளர்கள் வாக்குப் போட்டுத் தீர்மானிப்பாங்க. 1968 மார்ச்சில நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில யூஜின் மெக்கார்த்தி என்ட செனட்டர், பதவியில இருந்த ஜனாதிபதி ஜோன்சனுக்கு எதிரா வியட்நாம் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் போட்டியிட்டார். பல்கலைக்கழக மாணவர்கள் தாடியை வழிச்சு, முடியை வெட்டி, வீடு வீடா அவருக்காகப் போனாங்க. ஆனா அப்ப அமெரிக்காவின் அநேக மாநிலங்களில வாக்களிக்கும் வயது 21. கதவைத் தட்டின பொடியன்கள் பலருக்கு வாக்கே இல்லை. ஜோன்சன் அந்தப் பிரைமரியில வென்றாலும் மெக்கார்த்திக்கு 42 வீதம் விழுந்தது. அந்த மாதக் கடைசியில தான் மீண்டும் போட்டியிடப் போறதில்லை என்டு ஜோன்சன் அறிவித்தார்.

இதைப் பற்றி நாங்கள் கதைக்கும்போது ஒரு கேள்வி வந்தது. எங்கட நாட்டில இப்படி ஒன்டு இருக்கா? வேட்புமனுவைத் தலைவர் தாறார், நாங்க சின்னத்துக்குப் புள்ளடி போடுறம். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை. 1989 இலிருந்து எங்கட வாக்குச்சீட்டுக்குள்ளேயே ஒரு பிரைமரி ஒளிஞ்சிருக்கு. அதுக்குப் பேர் விருப்பு வாக்கு. கல்முனையில இருந்து பொத்துவில் வரைக்கும், கிட்டங்கிக்கு இந்தப் பக்கம் நாவிதன்வெளி, சவளக்கடை, மத்தியமுகாம் வரைக்கும், புதுசா வாக்குப் போட வாற பொடியன் பொட்டையளை வேட்பாளர்கள் எப்படிப் பிடிச்சாங்க என்ட வரலாறு பெரும்பாலும் இந்த விருப்பு வாக்கைச் சுத்தித்தான் இருக்கு.

18 வயசில வாக்கு

முதல்ல ஒரு பெருமையைச் சொல்லிடுவம். இலங்கையில வாக்களிக்கும் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைந்தது 1959 இல். பிரிட்டன் அதை 1969 இலதான் செய்தது. அமெரிக்கா 1971 இல், இந்தியா 1989 இல். சர்வசன வாக்குரிமை 1931 இலேயே எங்களுக்குக் கிடைத்தது, அதுவும் ஆண் பெண் இருபாலாருக்கும்.

ஆனா உரிமை சீக்கிரம் வந்தாலும், அதை நம்பிப் போட்டவங்களுக்கு இந்தக் கரையில கிடைத்த முதல் பாடம் நல்லதா இல்லை. 1956 இல் தமிழரசுக் கட்சிச் சின்னத்தில கல்முனையில எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில எம்.எம். முஸ்தபாவும் வென்றார்கள். தமிழ் பேசும் மக்கள் என்ட ஒரே குடைக்குக் கீழ தமிழரும் முஸ்லிம்களும் போட்ட வாக்குகள் அவை. இரண்டு பேரும் பிறகு அரசாங்கப் பக்கம் மாறினார்கள். 1977 இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழர் விடுதலைக் கூட்டணியில எம்.சி. கனகரத்தினம் தெரிவானார். அதே வருசம் முடியிறதுக்குள்ள அவரும் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினார். 1978 ஜனவரியில அவர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1980 இல் அவர் இறந்தார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைச்சுப் பார்த்தா ஒன்டு விளங்கும். சின்னத்துக்கு வாக்குப் போட்டவங்களுக்கு ஆளைத் தெரிவு செய்யிற உரிமை இருக்கேல்ல. கட்சி நிறுத்தின ஆள்தான். அவர் மாறினா, போட்ட வாக்கும் அவரோட சேர்ந்து போயிடும்.

29 வயசிலயும் புது வாக்காளர்

1977 ஜூலைக்குப் பிறகு அடுத்த பொதுத் தேர்தல் எப்ப? 1989 பெப்ரவரி 15. இடையில பதினொன்றரை வருசம். 1982 டிசம்பரில நடந்த சர்வசன வாக்கெடுப்பில பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருசம் நீட்டிட்டாங்க. அதனால 1977 இல் 17 வயசா இருந்த ஒருத்தர் தன்ட வாழ்க்கையில முதல் தடவை பாராளுமன்றத்துக்கு ஆள் தெரிவு செய்ய வாக்குப் போட்டது 29 வயசில. உம்மா, வாப்பா ஆகி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு வந்து முதல் வாக்குப் போட்ட தலைமுறை அது. எங்கட பெற்றோர், பெரியம்மா, மாமாமார் பலர் அந்தத் தலைமுறைதான்.

அந்தத் தேர்தலுக்கு முதல் மூன்று விசயம் நடந்திருந்தது. ஒன்டு, 1988 இல் 14ஆவது திருத்தம் விருப்பு வாக்கைக் கொண்டு வந்தது. இரண்டு, அதே வருசம் டிசம்பரில 15ஆவது திருத்தம், ஒரு மாவட்டத்தில ஆசனம் கிடைக்கத் தேவையான வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைத்தது. மூன்று, ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் களத்தில நின்டது. 1981 இல் காத்தான்குடியில தொடங்கின இயக்கம் அது. 1986 இல் அரசியல் கட்சியா மாறி, 1988 நவம்பர் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில 17 ஆசனம் எடுத்திருந்தது.

5 வீத வெட்டுப்புள்ளி, 1988 ஜனாதிபதித் தேர்தல் நேரம் எம்.எச்.எம். அஷ்ரப் பிரேமதாசவிடம் பேரம் பேசி வாங்கினது என்டுதான் எங்கட பக்கம் பரவலாச் சொல்லுவாங்க. திருத்தம் டிசம்பர் 17 இல் சட்டமானது, தேர்தல் 19 இல். அந்தத் திகதிகளைப் பார்த்தா கதை எப்படி வந்தது என்டு விளங்கும்.

சம்மாந்துறையில 1948 இல் பிறந்த அஷ்ரப் ஒரு சட்டத்தரணி, கவிதையும் எழுதுவார். 1989 இல் அவருக்கு 40 வயசு. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியோட மேடை ஏறினவர். பன்னிரண்டு வருசத்தில தனிக்கட்சியோட வந்து நின்டார். அவர் புது வாக்காளரைப் பிடிச்ச விதம் என்ன? கொழும்பில இருக்கிற பெரிய கட்சிகளில ஒரு முஸ்லிம் எம்.பி. ஆகி அமைச்சுப் பதவி எடுக்கிற பழைய வழியைத் தள்ளி வைச்சு, ‘எங்கட கட்சி, எங்கட சின்னம்’ என்ட எண்ணத்தைக் கொடுத்தார். அதோட கணக்கும் சொல்லிக் கொடுத்தார். 5 வீதம் எடுத்தா ஆசனம், ஆசனம் இருந்தா பேரம் பேசலாம். உணர்ச்சியும் கணக்கும் ஒரே பேச்சில வந்தது. கட்சிக்கு நாடு முழுக்க நான்கு ஆசனம் கிடைத்தது, திகாமடுல்லயில அஷ்ரப் தெரிவானார்.

1994 இல் அந்தக் கணக்கு உண்மையிலேயே பலிச்சது. சந்திரிகாவின் அரசாங்கத்துக்கு முஸ்லிம் காங்கிரஸின் ஆசனங்கள் தேவைப்பட்டன, அஷ்ரப் கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். எங்களில சில பேர் படிக்கிற ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாத் தொடங்கினது அந்தப் பேரத்தின் பலன்தான். யுத்தத்தால மட்டக்களப்புக்குப் போய்ப் படிக்க ஏலாமப் போன முஸ்லிம் மாணவர்களுக்கு அது ஒரு பதில். இன்டைக்கு அங்க தமிழரும் சிங்களவரும்கூடப் படிக்கிறாங்க. வாக்கு ஒன்டு கட்டிடமா மாறினதை நாங்க தினமும் பார்க்கிறம்.

2000 செப்டெம்பர் 16 இல் அரநாயக்கவில ஹெலிகொப்டர் விழுந்து அஷ்ரப் மரணித்தார். தேர்தல் ஒக்டோபர் 10. இருபத்திநாலு நாள்தான் இடைவெளி. அவருடைய மனைவி பேரியல் அஷ்ரப் திகாமடுல்லயிலிருந்து தெரிவானார். அந்த வருசம் முதல் தடவை வாக்குப் போட்டவங்களை இழுத்தது வாக்குறுதியை விட துக்கம்தான்.

இலக்கம் எப்படி வேலை செய்யுது

திகாமடுல்லக்கு இப்ப ஏழு ஆசனம். ஒரு கட்சி ஆசன எண்ணிக்கையோட மூன்றைக் கூட்டி வேட்பாளர் நிறுத்தலாம். அப்ப ஒரு பட்டியலில பத்துப் பேர். வாக்காளர் முதல்ல கட்சிக்குப் புள்ளடி போடணும், பிறகு அந்தக் கட்சிக்குள்ள மூன்று பேர் வரைக்கும் விருப்பு இலக்கம் போடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்டத முதலாவது புள்ளடி தீர்மானிக்கும். அந்த ஆசனத்தில யார் இருக்கிறது என்டத இலக்கங்கள் தீர்மானிக்கும்.

இதனால நடக்கிறது என்ன? வேட்பாளருக்கு முதல் எதிரி மற்றக் கட்சிக்காரன் இல்லை, தன்ட பட்டியலில இருக்கிற மற்ற ஒன்பது பேர். 2011 இல் கொலன்னாவையில ஒரே கூட்டணிக்காரர்களுக்குள்ள துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது நாடே அறிஞ்சது. எங்கட பக்கம் பெரும்பாலும் அது ஊர்ச் சண்டையா வரும். கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில்: ஒவ்வொரு ஊருக்கும் ‘எங்கட ஊர் எம்.பி.’ வேணும். மேடையில கட்சி ஒற்றுமையைப் பற்றிப் பேசுவார். பேச்சு முடிஞ்ச பிறகு பொடியன்களைத் தனியக் கூப்பிட்டு, “தம்பி, நம்மட இலக்கத்தை மட்டும் போடுங்க, மற்ற ரெண்டையும் வெறுமனே விடுங்க” என்டு சொல்லுவார். மூன்று விருப்பு இருக்கிற இடத்தில ஒன்டை மட்டும் போடச் சொல்லுறது, சட்டம் எங்களுக்குத் தந்த தெரிவில மூன்றில ரெண்டைத் திருப்பிக் கேட்கிறது.

புது வாக்காளருக்கு இது முக்கியம். ஏனென்டா முதல் தடவை போடுறவருக்குச் சீட்டைப் பற்றி விளக்கம் சொல்லுற ஆள், அநேகமா ஒரு வேட்பாளரின் ஆள்தான். மாதிரிச் சீட்டில ஒரு இலக்கம்தான் பெரிசா அடிச்சிருக்கும்.

2020: இலக்கம் மட்டும் போதாது

2020 ஆகஸ்ட் தேர்தல் அம்பாறைத் தமிழருக்கு மறக்க ஏலாதது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி 2019 ஜூனில நடந்த உண்ணாவிரதத்தின் சூடு ஆறேல்ல. அந்தக் கோபத்தை வைச்சு, கருணா என்டு அறியப்படுற விநாயகமூர்த்தி முரளிதரன் தனிக்கட்சியில வந்தார். பொடியன்கள் பலர் அவருக்குப் பின்னால போனாங்க. மற்றப் பக்கம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. கருணாவின் கட்சிக்கு 29,000க்கு மேல, கூட்டமைப்புக்கு 25,000க்கு மேல வாக்கு. இரண்டு தரப்பும் 5 வீதத்தைத் தாண்டினாங்க, ஆனா ஆசனம் எடுக்கப் போதாது. ரெண்டையும் கூட்டினா 54,000க்கு மேல வரும். அதைவிடக் குறைஞ்ச வாக்கு எடுத்த இரண்டு கட்சிகளுக்குத் தலா ஒவ்வொரு ஆசனம் கிடைத்தது. ஏழு ஆசனத்தில ஒரு தமிழரும் இல்லை.

பிரைமரியில தோத்தவர் வென்றவருக்குப் பின்னால நின்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். எங்கட முறையில இரண்டு சுற்றும் ஒரே சீட்டில, ஒரே நாளில முடிஞ்சிடும். முதல் சுற்றில பிரிஞ்சவங்களுக்குச் சேர இடமில்லை. அந்த வருசம் முதல் தடவை வாக்குப் போட்ட தமிழ்ப் பொடியன்களுக்கு இலக்கம் ஞாபகம் இருந்தது, வெட்டுப்புள்ளிக்குப் பிறகு வாற மிச்சக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கேல்ல.

2024: இலக்கம் கேட்காதவங்க

2022 போராட்டத்தை போனில பார்த்து வளர்ந்தவங்க 2024 இல் வாக்குப் போட வந்தாங்க. தேசிய மக்கள் சக்தி தன்ட வேட்பாளர்களைத் தனித்தனியா விருப்பு வாக்குக் கேட்க விடுறதில்லை. கட்சிக்குப் போடுங்க, ஆள் பிறகு என்டதுதான் அவங்கட வழி. ஊர்ச் சண்டையில சலிச்ச பொடியன்களுக்கு அது பிடிச்சது. நவம்பர் 14 தேர்தலில திகாமடுல்லயில அவங்க நான்கு ஆசனம் எடுத்தாங்க. முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ், தமிழரசுக் கட்சிக்கு ஒவ்வொன்டு.

அந்த நான்கு பேரும் சிங்களவர்கள். கரையோரத்தில திசைகாட்டிக்கு விழுந்த வாக்கு கட்சிக்கு ஆசனம் கூட்டினது, ஆனா கரையோர வேட்பாளர் ஒருத்தரையும் மேல கொண்டு வரேல்ல. சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆதம்பாவா தேசியப் பட்டியல் வழியாத்தான் பாராளுமன்றம் போனார். ‘நம்மட இலக்கம் மட்டும்’ என்ட அரசியல் எங்களைப் பிரிச்சது உண்மை. இலக்கத்தையே மறந்தா தெரிவு திரும்பவும் கட்சித் தலைமையின் கையிலதான் என்டதும் உண்மை.

இப்ப எங்களுக்கு என்ன

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. சபையின் காலம் 2017 செப்டெம்பரில முடிஞ்சது. தேர்தல் முறையை மாத்தின சட்டமும், பாராளுமன்றத்தில தோத்த எல்லை நிர்ணய அறிக்கையும் சேர்ந்து எல்லாத்தையும் முடக்கிப் போட்டுது. 2012 இல் 17 வயசா இருந்தவருக்கு இன்டைக்கு 30. அவரும் மாகாண சபைக்குப் புது வாக்காளர்தான். 1989 இல் எங்கட பெற்றோர் நின்ட அதே வரிசையில இப்ப நாங்க நிக்கிறம்.

2021 வரைக்கும் இன்னொரு தடையும் இருந்தது. ஜூன் 1 இல் 18 நிரம்பியிருந்தாத்தான் அந்த வருச இடாப்பில பேர் வரும். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் 2018 இடாப்பில நடந்ததால, 19 வயசு நிரம்பியும் சில பேருக்கு வாக்கு இல்லை. அந்தச் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டு, இடையில 18 ஆகிறவங்களுக்குக் குறைநிரப்பு இடாப்பு வந்தது. கிராம சேவகரிடம் போய்ப் பேர் இருக்கா என்டு பார்க்கிறது இப்பவும் எங்கட வேலைதான்.

அடுத்த தேர்தலில ஒரு வேட்பாளர் வந்து மாரி வெள்ளத்தில கிட்டங்கி மூழ்கிறதைப் பற்றியோ வேலைவாய்ப்பைப் பற்றியோ நல்லாப் பேசுவார். பேசட்டும், கேட்பம். ஆனா நாங்களும் மூன்று கேள்வி கேட்பம். நீங்க வென்ற பிறகு கட்சி மாறினா எங்களுக்கு என்ன சொல்லுவீங்க? உங்கட கட்சி இந்த மாவட்டத்தில ஆசனம் எடுக்க எத்தனை வாக்கு வேணும், அது எங்க இருக்கு? உங்கட பட்டியலில இருக்கிற மற்ற ஒன்பது பேரில எங்கட மிச்ச இரண்டு விருப்பையும் யாருக்குப் போடச் சொல்லுறீங்க?

மூன்றாவது கேள்விக்கு, தன்ட ஊரும் தன்ட சமூகமும் இல்லாத ஒருத்தரின்ட பேரைச் சொல்லத் துணியிற வேட்பாளர் யாராவது வந்தா, தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வளவில இருக்கிற நாவிதன்வெளியில அவருக்கு எங்கட முதல் விருப்பு கிடைக்கும்.