உயிர்ப்படி மாற்றம்: மும்பை மராத்தியில் ஒரு பழைய ஒலிமுறை

இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ஒரே வேரின் உயிரொலி, சொல்லின் இலக்கண வேலைக்கேற்ப மாறுவதை உயிர்ப்படி மாற்றம் என்பர். மும்பைத் தமிழர் இதை நாள்தோறும் கேட்கிறார்கள். மராத்தியில் 'மர்' என்றால் சா. 'மார்' என்றால் அடி, கொல். 'துட்' தானாக அறுபடுவது, 'தோட்' அறுப்பது. 'சுட்' கழல்வது, 'சோட்' விடுவிப்பது. தாராவியின் தோல் பட்டறையிலும் மாட்டுங்காவின் பூக்கடையிலும் புழங்கும் இந்த இணைகளில், தன்வினை பிறவினையாவதில் பெரும்பங்கு நடுவிலுள்ள உயிருக்கே.

இம்முறையை முதலில் வகுத்தவர்கள் இந்திய இலக்கணிகள். இ–ஏ–ஐ, உ–ஓ–ஔ என ஏறும் படிகளுக்குக் குணம், விருத்தி என்று பாணினியின் இலக்கணம் பெயரிட்டது. குறுகிய வடிவையே அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய அறிஞரும் நெடுங்காலம் அதே வழியில் நடந்தனர். இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்கு அ, இ, உ என்ற மூன்று அடிப்படை உயிர்களே உண்டு என்று 1861-இல் மொழியியலாளர் ஷ்லைகர் எழுதினார்.

அந்தக் கணக்கு 1870-களில் உடைந்தது. ஐந்தைக் குறிக்கும் சமஸ்கிருதத்தின் 'பஞ்ச' கிரேக்கத்தில் 'பென்டே'. சமஸ்கிருதச் சொல்லின் இறுதியிலும் முன்பு 'எ' இருந்ததால்தான் அதற்கு முன்னிருந்த ககர ஒலி சகரமானது. பிறகு அந்த எகரமே அகரமாகிவிட்டது. ஆக, சமஸ்கிருத அகரத்துக்குள் எ, ஒ, அ மூன்றும் கலந்து கிடக்கின்றன. அழிந்த உயிரை அண்டையிலிருந்த மெய் காட்டிக்கொடுத்த இந்தக் கண்டுபிடிப்பு மொழியியலின் அருஞ்சாதனைகளில் ஒன்று.

அதே காலத்தில், 1877-இல், ரா. கோ. பண்டார்கர் பம்பாயில் வில்சன் மொழியியல் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். சமஸ்கிருதத்திலிருந்து பிராகிருதம் வழியாக மராத்தி முதலிய மொழிகள் உருவான கதை அது. நூலாக வெளிவந்தது 1914-இல்தான்.

இடையில், 21 வயது மொழியியலாளர் சொசூர் பாணினியின் படிவரிசையைத் தலைகீழாக்கினார். எகரம் உள்ள முழு வடிவே மூலம். அந்த எகரம் ஒகரமாக மாறும், அல்லது உதிரும் என்றார். மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்றும் கணித்தார். ஹிட்டைட் என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியில் அவற்றின் தடத்தை 1927-இல் மொழியியலாளர் குரிலோவிச் காட்டினார்.

'மர்–மார்' இணையும் இப்போது விளங்கும். பிறவினைக்குரிய ஒகர வடிவம் 'மொர்'. அதன் ஒகரம் சமஸ்கிருதத்தில் நெடில் ஆகாரமாகி 'மாரயதி' பிறந்தது. இந்த நீட்சியை விளக்கும் விதியை மொழியியலாளர் ப்ரூக்மன் 1876-இல் முன்வைத்தார்.

தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக்காரர் 'இலை'யை 'எலை' என்பதை இதோடு குழப்பக் கூடாது. அங்கே பொருள் மாறுவதில்லை. அடுத்த அசையின் உயிர்தான் முதல் உயிரை இழுக்கிறது. திராவிட மொழிகளின் இந்த இ–எ, உ–ஒ மாற்றத்தை மொழியியலாளர்கள் பர்ரோ 1940-இலும், பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958-இலும் ஆராய்ந்தனர்.

இன்றைய மராத்தியில் புதிய பிறவினைகள் பெரும்பாலும் 'அவ்' விகுதியால் அமைகின்றன: 'ஹஸ்' சிரிப்பது, 'ஹஸவ்' சிரிக்கவைப்பது. உயிர்ப்படி மாற்றம் மரபாக வந்த வினைகளோடு நின்றுவிட்டது.