"இல்லை" என்று நினைவில் வைத்த கணினி

சென்ற பருவத்தில் என் ஆய்வேட்டின் அட்டவணை ஒன்றில், 20 ஓட்டங்களின் சராசரி இருக்க வேண்டிய இடத்தில் 17 ஓட்டங்களின் சராசரியே இருந்தது. நெறியாளரிடம் கொடுத்த பிறகே அதைக் கவனித்தேன். விடுபட்ட 3 ஓட்டங்களும் பிழையின்றி முடிந்திருந்தன. அவற்றின் முடிவுக் கோப்புகள் வழங்கியில் பத்திரமாக இருந்தன. ஆனால் என் திரட்டு நிரல் ஓடிய கணினி, அக்கோப்புகள் உருவாகும் முன்பே ஒருமுறை தேடி, "இல்லை" என்ற விடையைத் தன் கேச்சில் வைத்திருந்தது. எல்லா ஓட்டங்களும் முடிந்தவுடன் நிரல் இறுதியாகத் தேடியபோது, வழங்கியைக் கேளாமலே பழைய விடையையே தந்தது.

பழுது என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் இதன் வேர், 1980-களில் தெரிந்தே செய்யப்பட்ட ஒரு தெரிவில் இருக்கிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1985-இல் விளக்கிய என்எஃப்எஸ் வடிவமைப்பில், வழங்கி தன் கிளையண்டுகளைப் பற்றி எதையும் நினைவில் வைப்பதில்லை. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்ற கணக்கே அதனிடம் இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தனக்கு வேண்டிய விவரங்களைத் தானே சுமந்து வரும். வழங்கி விழுந்து எழுந்தால், கிளையண்டுகள் கேட்டதையே மீண்டும் கேட்டால் போதும். மீட்சியை இத்தனை எளிதாக்கியது பெருஞ்சாதனை. ஆனால் யாரிடம் எது இருக்கிறது என்று அறியாத வழங்கியால், "உன் பிரதி பழையதாகிவிட்டது" என்று எவரிடமும் சொல்ல இயலாது. கிளையண்டுதான் அவ்வப்போது கேட்டறிய வேண்டும். லினக்ஸின் இயல்பமைப்பில் அந்த இடைவெளி கோப்புக்குக் குறைந்தது 3 வினாடி, அடைவுக்கு 30 வினாடி. இரண்டுக்கும் உச்சவரம்பு 60 வினாடி. என் 3 ஓட்டங்கள் மறைந்தது அந்த 30 வினாடிக்குள்தான்.

அதே ஆண்டுகளில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கோப்பு முறைமை உருவாகிவந்தது. அதன் முன்னணி வடிவமைப்பாளர்களுள் ஒருவர் சென்னை ஐஐடியில் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன். முதல் வடிவத்தில் கிளையண்டு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் "என் பிரதி செல்லுமா?" என்று கேட்டது. அளந்து பார்த்தபோது, வழங்கிக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒரே கேள்வி! அடுத்த வடிவத்தில் பொறுப்பு இடம் மாறியது: கோப்பு மாறினால் தானே தெரிவிப்பதாக வழங்கி வாக்களித்தது. இப்போது அது நினைவில் வைத்தாக வேண்டும். விழுந்து எழுந்தால் தந்த வாக்குகளையும் சீர்செய்ய வேண்டும். 1989-இல் கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும், வாக்குறுதிக்குக் காலக்கெடு விதிக்கும் "குத்தகை" முறையை முன்வைத்தனர். நினைவு வைக்காத கொள்கையைக் கைவிட்ட என்எஃப்எஸ் 4-ஆம் பதிப்பு, குத்தகையை ஏற்றுக்கொண்டது.

அப்பதிப்பு இன்னொரு பழைய ஓட்டையையும் அடைக்க முயன்றது. முன்னெல்லாம் கோப்பு மாறியதா என்பதைத் திருத்த நேரத்தையும் அளவையும் கொண்டே கிளையண்டு அறிந்தது. நேரத்தை முழு வினாடிகளில் மட்டும் பதியும் வட்டு அமைப்பில், ஒரே வினாடிக்குள் இருமுறை எழுதப்பட்டு அளவும் மாறாதிருந்தால், இரண்டாம் மாற்றம் கண்ணில் படாமலே போகலாம். 4-ஆம் பதிப்பு இதற்கென மாற்றக் குறியீடு ஒன்றைத் தனியே வைத்தது.

இத்தகைய ஐயம் எழுந்தால், ஒரே கோப்பின் நேரத்தையும் அளவையும் வழங்கியிலும் இரு கிளையண்டுகளிலும் ஒப்பிடுங்கள். ஒரு நிமிடம் காத்திருந்தபின் தானே சரியானால், பெரும்பாலும் கேச்சே காரணம். கேச்சை அடியோடு அணைத்துவிடச் சிலர் அறிவுறுத்துவர். பலர் பகிரும் வழங்கியில் அது எல்லோருடைய வேலையையும் மெதுவாக்கும். நான் செய்தது சிறிது: கோப்பைத் தேடும் முன் அடைவை முழுமையாகப் பட்டியலிடச் சொன்னேன், கோப்புகளின் எண்ணிக்கை 20 ஆகாவிடில் நிரல் நின்றுவிடும்.

விடுபட்டவை மூன்றும் இறுதியில் முடிந்தவை, அதாவது மிக மெதுவானவை. ஆகவே முதல் அட்டவணையில் என் வழிமுறை உள்ளதைவிட வேகமானதாகத் தெரிந்தது. திருத்திய அட்டவணையை நெறியாளரிடம் கொடுத்துவிட்டேன்.