பொதுச் சுகாதாரக் கல்வியும் மக்களும்

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் காலங்களில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் ஆசிரியர்களாகிய எம்மை நாடி மாணவர் வருவது வழக்கம். கொரோனாப் பெருந்தொற்றின் பின்னர் அவர்களுட் சிலர் புதியதொரு வினாவோடு வருகின்றனர். பொதுச் சுகாதாரத்திற் பட்டம் பெற விரும்புவதாகவும், எந்தக் கல்லூரியைத் தெரிவதென்று கூறுமாறும் கேட்கின்றனர். அவர்தம் கைகளில் வண்ணப்படங்கள் நிறைந்த கையேடுகள் இருக்கும். கட்டணம், கற்கும் காலம், பட்டம் வழங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், பின்னர் கிடைக்கக்கூடிய உத்தியோகம் ஆகிய யாவும் அவற்றில் உண்டு. அங்குப் படிப்போர் எந்த மக்களிடஞ் சென்று கற்பர் என்ற செய்தியை மட்டும் நாம் பெரும்பாலும் காண்பதில்லை. இவ்வினாவுக்கு விடைகாணக் கையேடுகளைக் காட்டிலும் வரலாறே அதிகம் உதவும் எனக் கருதுகிறோம்.

கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றுவதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் கற்பிக்கப்பட்டது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அப்பணியைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரைவிட்டகலுவர். தமிழிற் கற்றோர் ஊர்மக்களிடையே நின்று தொழில்புரிவர் என்பது அதற்கு அவர் கண்ட காரணங்களுள் ஒன்று. தம் மாணவரின் துணைகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சுகாதாரம் என்று நாம் இன்று வழங்கும் பொருளுக்கு அந்நூல்களில் ‘உற்பாலனம்’ என்னுஞ் சொல் ஆளப்பட்டது. அவருடைய நோக்கங்களுள் மதப்பிரசாரமும் ஒன்றென்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கற்பிக்கும் மொழிக்கும் கற்றவன் சென்றடையும் இடத்திற்குமுள்ள உறவை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கொழும்பு மருத்துவப் பள்ளியின் தோற்றமும் நம் கவனத்துக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னிப் பிரதேசத்துக் கிராமங்கள் மக்களின்றி வெறுமையாகி வந்தன. காரணத்தை ஆராயுமாறு பணிக்கப்பட்ட வைத்தியர் ஜேம்ஸ் லூஸ், பறங்கி நோயின் கொடுமையைத் தம் அறிக்கையில் எடுத்துரைத்து, உள்நாட்டவரை வைத்தியராகப் பயிற்ற ஒரு பள்ளி வேண்டுமென்றார். அதன் பயனாக 1870இல் தேசாதிபதி ஹேர்க்குலிஸ் றொபின்சனின் ஆட்சியில் அப்பள்ளி திறக்கப்பட்டது. லூஸ் அதன் முதல் அதிபரானார். 1880இல் அது இலங்கை மருத்துவக் கல்லூரியாயிற்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. வன்னிக் குடியானவனின் துயரமே அதற்கு வித்திட்டது. ஆனால் வளர வளர அக்கல்லூரியின் பார்வை பெருநகர ஆஸ்பத்திரியின் கட்டிலை நோக்கியே திரும்பிற்று. நோயாளி வந்தபின் குணப்படுத்தும் கலை மேலோங்க, நோய் வராது காக்கும் கலை பின்னடைந்தது.

இக்குறையை வெளிப்படுத்தியவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர் எனலாம். 1916இல் றொக்பெல்லர் நிதியத்தின் சர்வதேச சுகாதாரச் சபை, தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. இரத்தசோகையால் நலிந்த தொழிலாளியின் உழைப்புக் குறைவது முதலாளியின் இலாபத்தைப் பாதிக்கும் என்ற கணக்கும் அதிற் கலந்திருந்தது. தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழுவும் வெளியேறியது. ஆனால் லயன்களில் மலசலகூடங்கள் இல்லை. அவற்றைக் கட்டும் செலவை ஏற்கத் தோட்டத்துரைமாருட் பலர் முன்வரவில்லை. வெறுங்காலுடன் மண்ணில் நடந்த தொழிலாளியை அதே புழு மீண்டும் பற்றிக்கொண்டது. நோயின் வேர் உடம்பில் மட்டுமின்றி வாழ்க்கை நிலைமைகளிலும் உண்டு என்ற பாடத்தை இவ்வாறு அத்தொழிலாளர் தம் உடல்களாற் கற்பித்தனர்.

பொதுச் சுகாதாரத்தை எங்கே கற்பிப்பது என்ற விவாதம் அக்காலத்தில் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. 1915இல் வில்லியம் வெல்ச், விக்கிளிப் றோஸ் என்ற இருவரின் பெயரால் ஓர் அறிக்கை உருவாயிற்று. களத்திற் பணிபுரியும் ஊழியரைப் பயிற்றும் பள்ளிகளை நாடெங்கும் பரப்ப வேண்டுமென்பது றோஸின் நாட்டம். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனமே முதன்மையானது என்பது வெல்ச்சின் நாட்டம். வெல்ச்சின் கருத்து வென்றது. 1916இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பள்ளி நிறுவப்பட்டது. இலண்டன் பள்ளியின் புதிய கட்டடம் 1929இலும், கல்கத்தாவின் அகில இந்திய நிறுவனம் 1932இலும் அதே நிதியத்தின் துணையோடு எழுந்தன. இவற்றின் ஆராய்ச்சிகள் மனித குலத்துக்குப் பயன்பட்டன என்பதில் ஐயமில்லை.

ஆயின் நம் நாட்டில் வேறொரு வகைப் பள்ளி தோன்றியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரியும் அவரின் கீழ்ப் பரிசோதகர்களும் தாதியரும் மருத்துவிச்சிகளும் குறித்த ஒரு பிரதேசத்தின் மக்களுக்குப் பொறுப்பாயினர். வீடு வீடாகச் சென்றனர். கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்த்தனர். கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கவனித்தனர். அப்பிரதேசமே பயிற்சிக்கூடமும் ஆயிற்று. இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் என்ற பெயரோடு விளங்குவது அதன் வழிவந்ததே. தோட்டங்களிற் பெற்ற பாடம் களுத்துறையில் ஒரு கல்விமுறையாக உருக்கொண்டது எனலாம்.

இம்முறை நாடெங்கும் பரவுமுன்னரே பேரிடி வீழ்ந்தது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது, கேகாலை, குருநாகல் பகுதிகளில் மலேரியா பெருகிற்று. 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். போதிய உணவின்றி மெலிந்திருந்த ஏழைக் குடியானவரும் அவர்தம் குழந்தைகளுமே பெரிதும் பலியாயினர். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு பருப்பையுஞ் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் முன்நின்றனர். கொயினாவோடு உணவும் வேண்டும் என்பதை அவர்கள் குடிசைகளிற் கண்டறிந்தனர். அவ்வாண்டின் இறுதியில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கும் இவ்வனுபவத்துக்குமுள்ள தொடர்பு வரலாறறிந்தார்க்குப் புதிதன்று.

அந்த 1935ஆம் ஆண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஒரு வயது நிரம்புமுன் இறந்தன. 1947இல் இத்தொகை 101 ஆகக் குறைந்தது. டி.டி.டி. மருந்து தெளித்தமை ஒரு காரணம். உணவுப் பங்கீடும், பரவிய சுகாதாரப் பிரிவுகளும், ஊர்தோறும் நடந்த மருத்துவிச்சியின் கால்களும் ஏனைய காரணங்கள். மலேரியாவின் பிற்கால வரலாறும் ஓர் எச்சரிக்கையாகும். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. வென்றுவிட்டோம் என்ற எண்ணத்தில் விழிப்புக் குன்றியது; 1969இல் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. நெடிய போராட்டத்தின் பின் 2016இலேயே இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

கல்லூரியைத் தெரிவது பற்றிப் பேசுமிடத்து, தெரியும் உரிமை யாருக்கு இருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். 1945இன் இலவசக் கல்வி ஏழையின் பிள்ளைக்கும் பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது. 1971இல் மருத்துவ, பல்மருத்துவ பீடங்களிற் புகுவதற்குச் சிங்களமொழி மாணவர் 229 புள்ளிகளும் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டும் என்றாயிற்று. மொழியால் இட்ட அவ்வேலி இந்நாட்டிற் செய்த கேட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்று பணம் மற்றொரு வேலியாக எழுகின்றது. தந்தையின் சேமிப்பையும் தாயின் நகையையும் விழுங்கும் கட்டணம், பட்டம் பெற்றவனைக் கடன் தீர்க்கும் பொருட்டுக் கடல்கடக்கச் செய்கின்றது. கிறீன் அன்று அஞ்சியது இதனையே அன்றோ!

ஆகவே எம்மிடம் வரும் மாணவர்க்கு நாம் கூறுவது இது. முதலில் அரசாங்கத்தின் வழிகளை நன்கு விசாரியுங்கள். களுத்துறை நிறுவகம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் மருத்துவமாதர்களையும் பயிற்றுகின்றது. மிகிந்தலையிலுள்ள ரஜரட்டப் பல்கலைக்கழகத்திற் சுகாதார மேம்பாட்டில் விஞ்ஞானப் பட்டம் உண்டு. மருத்துவப் பட்டம் பெற்றோர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவம் கற்கலாம். எந்தக் கல்லூரியாயினும் மூன்று வினாக்களைத் துணிந்து கேளுங்கள். மாணவர் எத்தனை மாதங்களை வகுப்பறைக்கு வெளியே, எந்த மக்களிடையே கழிப்பர்? அம்மக்களின் மொழியிற் பேசக் கல்லூரி அவர்களைப் பயிற்றுகின்றதா? அங்குக் கற்று வெளியேறியோர் இன்று எங்கே பணிபுரிகின்றனர்? இவற்றுக்கு விடையளிக்கத் தயங்கும் இடத்தில், கட்டடம் எவ்வளவு உயர்ந்ததாயினும், பொதுச் சுகாதாரத்தின் பாதிதான் கிடைக்கும்.

1914இல் கொழும்பிற் பிளேக் நோய் பரவியபோது, மாநகர சபையின் நுண்ணுயிரியல் ஆய்வாளரான ஹேர்ஸ்ற், எலிகளின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகளை இனம் இனமாகப் பிரித்து ஆராய்ந்தார். அந்நோய் சில இடங்களிற் பரவவும் சில இடங்களிற் பரவாமைக்கும் காரணம் கண்டு, உலக விஞ்ஞானத்துக்கு உதவினார். அவருடைய ஆய்வுக்களம் இதே நகரத்தின் எலி வளைகளும் நெருக்கமான குடியிருப்புகளுமே. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் ஒரு குழாயடியிற் பல குடும்பங்கள் காத்துநிற்பதை நம் மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். மழைக்காலத்தில் வெள்ளவத்தைக் கால்வாயோரத்துக் குடிசைகளில் டெங்குக் காய்ச்சல் பரவுவதையும் காண்கின்றனர். கண்டதை ஏனென்று கேட்கவும், கேட்டதை மாற்றவும் எந்தக் கல்வி அவர்களுக்குத் துணைநிற்குமோ, அக்கல்வியைத் தருவதே அவர்கள் தெரிய வேண்டிய கல்லூரி.