கோதுமை ஒவ்வாதவர்க்குக் கொற்கைச் சீமைத் தானியம்

கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்ற பசைப் புரதம் சிலருடைய குடலைக் கெடுத்துவிடும். இது சீலியாக் நோய். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்கவில்லை. இந்நோய்க் குழந்தைகளோ தேறினார்கள்! கோதுமையே காரணமென டாக்டர் டிக்கே 1950-இல் எழுதினார். ஆயுசுக்கும் தவிர்ப்பதே மருந்து.

நமக்கென்ன குறை? கொற்கை இருக்கும் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழையது என 2021-இல் அறிவித்தார்கள். அந்த நெல்லிலும், கரிசல் கம்பு, சோளம், குதிரைவாலியிலும் இந்தப் பசை இல்லை.

ஆனால் மைதாவும் வெள்ளை ரவையும் கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு, லேபிளைப் பாருங்க. கோதுமை அரைத்த மில்லில் அப்படியே கம்பைப் போடாதீங்க. சந்தேகமா? முதலில் இரத்தப் பரிசோதனை. அதற்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம்.