வாய்க்கால் வளர்த்த நிழல்

சுற்றுவட்டார நகரவாசிகளுக்கு ஜேடர்பாளையம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காவிரியின் குறுக்கே படுகை அணை, அதையொட்டி அண்ணா பூங்கா, குளிப்பதற்குத் தோதான நீரோட்டம், பிடித்த மீனைப் பக்கத்திலேயே வறுத்துத் தரும் கடைகள். நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு என்று பல பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். ஆடிப்பெருக்கன்று கால் வைக்க இடமிருக்காது. வருகிறவர்கள் பாராட்டுவது பெரும்பாலும் மூன்றைத்தான்: நிழல், அமைதி, இயற்கை. முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை. மூன்றாவதை மறுத்தாக வேண்டும். இந்த ஊரின் பச்சை தானாக முளைத்ததென்று நினைப்பவர் அதன் வரலாற்றையே பார்க்காமல் திரும்பிப் போகிறார். ஆற்றைத் தடுத்து, வாய்க்கால் வெட்டி, அதில் யார் எப்போது எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று வரையறுத்து, அந்த வரையறையைத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுக் காப்பாற்றி உண்டாக்கிய பச்சை இது.

காவிரிக் கரையில் இருக்கும் ஊர் பச்சையாகத்தானே இருக்கும், இதில் மனிதர் செய்ததென்ன என்று கேட்கலாம். நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை நாமக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆற்றை விட்டு மேட்டுப் பக்கம் சில கல் தொலைவு போனால் நிலத்தின் நிறமே மாறிவிடும். சோளம், கடலை, ஆமணக்கு என்று மழையை நம்பிய மேட்டுக்காடுதான் இந்தச் சமவெளியின் பெரும்பகுதி. திருச்செங்கோட்டுக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை இந்தியா முழுவதும் ஓட்டுவதும், நாமக்கல் லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் பேர் வாங்கியதும் தற்செயலல்ல என்பது என் எண்ணம். வயலை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத ஊர்கள் அவை. ஆறு பக்கத்தில் ஓடுவதால் மட்டும் வயல் நனைந்துவிடுவதில்லை. கொங்குப் பகுதியில் காவிரி நிலத்தை அறுத்துக்கொண்டு தாழ்வாகப் போகிறது. கரையில் நிற்பவனுக்குக் குளிக்கக் கிடைக்கும் தண்ணீர், அவனுடைய வயலுக்குத் தானாக ஏறி வராது. ஆற்றின் நீர்மட்டத்தை ஓரிடத்தில் சற்று உயர்த்தி, ஆற்றைவிடக் குறைந்த சரிவில் ஒரு வாய்க்காலைப் பக்கவாட்டில் கொண்டுபோனால், கீழே போகப் போக ஆறு இறங்கும் அளவுக்கு வாய்க்கால் இறங்காது. இரண்டுக்கும் இடையில் சிக்கும் நிலம் நஞ்சை. வாய்க்காலுக்கு மேலே உள்ளது புஞ்சை. ஜேடர்பாளையத்தில் பிரிந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் போகும் ராஜவாய்க்காலும், அதன் தொடர்ச்சியாகவும் கிளையாகவும் அமைந்த கொமராபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் செய்வது இதைத்தான். பூங்காவில் நிற்பதைவிட வாய்க்கால் கரையில் சிறிது தூரம் நடப்பது பயணிக்குப் பயன்படும். ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் கிணற்றை நம்பிய மேடு. இயற்கை அவ்வளவு நேராகக் கோடு போடாது.

அந்தக் கோட்டுக்குள் வளர்வதையும் உற்றுப் பார்க்கலாம். பூவன், ரஸ்தாளி, பச்சைநாடன், மொந்தன் என்று வாழையில் பல இனம். இவற்றின் தார்கள் பரமத்தி வேலூர்ச் சந்தையில் ஏலத்துக்கு வருகின்றன. கரும்பின் பெரும்பகுதி ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சப்பட்டு அச்சு வெல்லமாகவும் உருண்டை வெல்லமாகவும் மாறி, 30 கிலோ சிப்பங்களாகப் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குப் போகிறது. மற்றொரு பகுதி மோகனூரில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு. இவை எல்லாவற்றிலும் என் வாதத்துக்கு நெருக்கமானது வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலைக்கு வெயில் நேரடியாகப் படக்கூடாது, ஈரம் காயக்கூடாது, அதே சமயம் தண்ணீர் தேங்கவும் கூடாது. எனவே முதலில் அகத்தியை விதைக்கிறார்கள். அது வளர்ந்து நிழல் விழுந்தபின் அதன்மேல் கொடியை ஏற்றிக் கட்டுகிறார்கள். சாலையில் போகும் பயணிக்குக் குளிர்ந்த தோப்பாகத் தெரிவது, உண்மையில் ஒரு பயிருக்காக வளர்த்த இன்னொரு பயிர். நிழலையே விதைத்து எடுக்கும் ஊரில் இயற்கையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது உழைத்தவர் கூலியை மறுப்பதற்குச் சமம்.

இனி, யார் செய்தது என்ற கேள்வி. பரமத்திப் பகுதியை ஆண்ட பாளையக்காரர் அல்லாள இளைய நாயக்கர்தான் ராஜவாய்க்காலை வெட்டுவித்தார் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலை உண்டு. அரசும் அவரைச் சிறப்பிக்கிறது. ஆற்றின் அந்தக் கரையில், ஈரோட்டுப் பக்கம், பவானியில் அணை கட்டிக் கொடுமுடி வரை நீர் கொண்டுபோன காலிங்கராயனுக்கும் இதேபோல ஒரு நினைவு இருக்கிறது. அந்த வேலை முடிந்தது 1283இல் என்று சொல்வார்கள். இரண்டு கரையிலும் இரண்டு பெயர்கள். இப்படி ஒரு தலைவன் பெயரில் வாய்க்காலை எழுதிவைப்பது வரலாறா, சாதிப் பெருமையா என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு. ஐயம் நல்லதுதான். ஆனால் பெயரை நீக்கிவிட்டாலும் வேலை மிஞ்சுகிறது. பல ஊர்களின் நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கால்வாய்க்கு, அந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் மேலான ஓர் அதிகாரம் தேவை. அதை ஒரு பாளையக்காரர் தந்திருப்பதில் வியப்பில்லை. நான் ஒத்துக்கொள்ளாதது வேறொன்று. வெட்டியவரோடு கதை முடிந்துவிடுவதுபோல எழுதுகிறார்கள். வாய்க்காலை ஒருமுறை வெட்டலாம். தூர் வருடந்தோறும் வாரியாக வேண்டும். தலைமடைக்காரன் மதகைத் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் நாற்று காயும். எனவே மண் வேலையைவிட முறை வைப்பதுதான் கடினம், அதைச் செய்தவர்களுக்குச் சிலை கிடையாது.

அந்த முறையை யார் கையில் வைத்திருப்பது என்பதே பிற்கால வரலாறு. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலம், நாமக்கல் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவனிடம் நேராக வரி கேட்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் செய்து பார்த்தார்கள். நஞ்சைக்கு வரி கூடுதல் என்பதால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது அரசுக்கும் வருமானமானது. ஊரார் கூடித் தூர் வாரும் குடிமராமத்து தளர்ந்தபோது, அந்த வழக்கத்தை மீறுவோரைத் தண்டிக்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே வந்தது. வழக்கம் தானாக நிலைத்திருந்தால் சட்டம் வேண்டியிருக்காது. பொதுப்பணித்துறையும் வந்தது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதிலிருந்து ஜேடர்பாளையத்தின் தண்ணீர் மழையைவிட மேட்டூர் மதகைப் பொறுத்ததாயிற்று.

இதையெல்லாம் ஒரு கிராமத்தின் தனிக்கதையாகப் பார்க்க வேண்டாம் என்பதற்கு, எங்கோ இருக்கும் ஓர் ஊரைத் துணைக்கு அழைக்கிறேன். பாரிசுக்கு மேற்கே சேன் நதியின் வளைவுக்குள் லெ வேசினே என்றொரு புறநகர். காலையில் ரயிலேறிப் பாரிசுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களின் ஊர். பெரிய மரங்கள், புல்வெளிகள், ஏரிகள், வளைந்து போகும் ஓடைகள், சத்தமில்லாத தெருக்கள். பயணிகள் அங்கேயும் பழைய காட்டில் மிஞ்சிய இயற்கையைப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். அரசர்களின் காடாக இருந்தது என்பது உண்மை. 1837இல் பாரிசிலிருந்து புறப்பட்ட முதல் பயணிகள் ரயில் பாதை அந்தக் காட்டை ஊடுருவி லெ பெக் வரை போனது. 1850களில் அல்ஃபோன்ஸ் பாலு என்ற தொழிலதிபரின் நிறுவனம் காட்டைப் பெற்றது. ஷூலோ பிரபு என்ற தோட்டக் கலைஞர் வரைபடம் போட்டார். ஏரிகளும் ஓடைகளும் ஆட்களை வைத்து வெட்டியவை. மனை விற்றபோது பத்திரத்தோடு நிபந்தனைகளும் போயின: தொழிற்சாலை கூடாது, கடைகளுக்கு ஒதுக்கிய இடங்கள் தனி. 1875இல் அது தனி ஊராட்சியானபோது அந்த நிபந்தனைகளையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது. பாலுவும் ஷூலோவும் போய் நூற்றாண்டுக்கு மேலாகிறது. மரங்கள் நிற்பதற்கு அந்தப் பத்திரத்து வரிகளே பெரிய காரணம்.

கொங்கு நாட்டு உழவர் ஊரையும் பாரிஸ் பணக்காரர் குடியிருப்பையும் ஒரே தராசில் வைப்பது சரியா? வர்க்கத்தைப் பொறுத்தவரை சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே நிழல் வீட்டு விலையில் சேர்கிறது. இங்கே நிழல் விளைச்சலின் துணைப்பொருள். அங்குள்ள கட்டுப்பாடு ஏழைகளை வெளியே நிறுத்தும் வேலியாகவும் இருந்தது (அதே காட்டில் 1859இல் உழைக்கும் பெண்கள் நோய் தேற ஒரு விடுதியை அரசு திறந்தது என்றாலும், அது விதிவிலக்கு). ஆனால் நான் ஒப்பிடுவது ஊர்களின் செல்வத்தையல்ல, பச்சை நிலைப்பதற்கான நிபந்தனைகளை. இந்த இடத்தில் நம்மூர்ப் புறநகர் ஒன்று இன்னும் தெளிவான சான்று தருகிறது. சென்னையில் 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நடுவில் பனகல் பூங்கா, சுற்றிலும் அகலத் தெருக்கள், மரங்கள், மாம்பலம் ரயில் நிலையம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில். லெ வேசினேக்கு இருந்த சாதனங்களில் பாதி இங்கும் இருந்தன. ஆனால் அங்கே தண்ணீரை உண்டாக்கி ஊரமைத்தார்கள், இங்கே தண்ணீரை மூடி ஊரமைத்தார்கள்; வீட்டு மனை கடையாவதைத் தடுக்கும் பிடிவாதமும் இல்லை. இன்று ரங்கநாதன் தெருவில் நிற்பவரிடம் இது ஓர் அமைதியான குடியிருப்பாகத் திட்டமிடப்பட்டது என்று சொன்னால் நம்பமாட்டார். மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லாத ஏரிக்கரைச் சாலை மட்டும் இருக்கிறது.

அமைதி பற்றிய மறுப்பு ஒன்று ஜேடர்பாளையத்திலிருந்தே வரும், அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. 2023இல் ஒரு பெண் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து இப்பகுதியில் வெல்ல ஆலைக் கொட்டகைகள் எரிக்கப்பட்டன, வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள், வாழையும் பாக்கும் இரவோடிரவாக வெட்டிச் சாய்க்கப்பட்டன. ஊரெங்கும் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. பசுமைக்குள் அமைதி குடியிருக்கிறது என்ற பயணியின் நம்பிக்கைக்கு இது நேர் எதிர். எனக்கு இது என் வாதத்தைக் கெடுப்பதாகத் தோன்றவில்லை. இங்கே மரம் அலங்காரமல்ல, சொத்து. ஆகவே பகை வரும்போது கை வைக்கும் இடமும் மரமாகிறது. கரும்பு வெட்டவும் பாகு காய்ச்சவும் தொலைதூரத்திலிருந்து ஆள் வருகிற ஊர், தன் தண்ணீருக்கு முறை வைத்த அளவுக்கு மனிதர்களுக்கிடையே முறை வைக்கவில்லை என்றுதான் அந்த மாதங்கள் காட்டின.

இப்போது நடக்கும் விவாதம் கான்கிரீட் பற்றியது. பழைய வாய்க்கால்களைச் சீரமைக்கும்போது பக்கங்களுக்குக் கான்கிரீட் போட்டால் கசிவு குறையும், கடைமடைக்குத் தண்ணீர் விரைவாகப் போகும் என்பது ஒரு தரப்பு. கசிவென்று சொல்வது வீணல்ல, வாய்க்காலையொட்டிய கிணறுகளும் கரை மரங்களும் அதில்தான் உயிர் வைத்திருக்கின்றன என்பது மறு தரப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் இந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் போராட்டமாகவே நடந்து, விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். எனக்கு இதில் முழுத் தீர்ப்பு இல்லை. ஆனால் தலைமடையின் தோப்பு நிழலை மட்டும் பார்த்துவிட்டுக் கான்கிரீட்டை எதிர்ப்பது எளிது. மோகனூர்ப் பக்கம் வாய்க்கால் முடியுமிடத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு அதே கசிவு தன் முறையிலிருந்து பிடித்த பங்கு. ஜேடர்பாளையத்துக்கு வரும் பயணி, திரும்பும்போது பரமத்தி வேலூர் வழியாக மோகனூர் வரை வாய்க்காலோடு போய்ப் பார்ப்பது நல்லது. தலைமடையில் மதகு திறந்து எத்தனை நாள் கழித்து அங்கே தண்ணீர் வந்தது என்று யாரிடம் கேட்டாலும் நாள் கணக்குச் சொல்வார்கள்.